பதினொரு சனிக்கிழமைகள்

"நேத்து நாப்பத்தேழு நிமிசம் பேசிட்டேன் பிள்ள, போனு சூடாயிப் போச்சு" என்று பூங்கனி சொன்னபோது, ஜெசிந்தா நோட்டுப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

காலை பத்து மணி. உப்பு வாரி முடித்த பெண்கள் வரப்பில் உட்கார்ந்து நல்ல தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். பாத்திகளுக்கு அப்பால் வெள்ளை வெள்ளையாக உப்பு அம்பாரங்கள். முதன்முதலாக இந்த உப்பளத்துக்கு வந்த அன்று, பனி பெய்யும் தேசத்துக் கதை ஒன்றுக்குள் வழி தவறி இறங்கிவிட்டோமோ என்று ஜெசிந்தா மயங்கிப்போயிருந்தாள். நான்கு வருடங்களில் அந்த மயக்கம் தெளிந்துவிட்டது. பனி உருகிவிடும். இது கண்ணைக் கூசவைத்து, பாதத்தை வெடிக்கவைத்து, அப்படியே கிடக்கும்.

"அவ்வளவு நேரம் என்னக்கா பேசுனீங்க?" என்று கேட்டாள். குரல் சாதாரணமாக வரவேண்டுமே என்று கொஞ்சம் சிரித்தும் வைத்தாள்.

"என்னென்னமோ. சாப்பிட்டியளா யக்கான்னுதான் ஆரம்பிக்கும். பெறவு வளச்சு வளச்சு எங்கயோ கொண்டுபோயி விட்டுரும்."

பக்கத்திலிருந்த செவத்தி காலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "எங்கிட்ட ஒரு மணி நேரம்லா பேசுது! எம் மாப்பிள்ள கேக்காரு, எவன்கூடட்டி இப்பிடி குசுகுசுன்னு பேசுதன்னு. மிசினுகூடன்னு சொன்னா நம்ப மாட்டேங்காரு."

"நம்பாட்டா நல்லதுதான். கொஞ்ச நாளாவது பயந்து கெடக்கட்டும்" என்றாள் பூங்கனி.

எல்லோரும் சிரித்தார்கள். ஜெசிந்தாவும் சிரித்தாள். ஆனால் அவள் நோட்டுப் புத்தகத்தில் அன்று எழுதியது ஒரே வரி: நாற்பத்தேழு நிமிடம்.

அந்த மிசினின் பெயர் செவ்வி. பாளையங்கோட்டையில் ஜெசிந்தா வேலை பார்த்த சமூக ஆய்வு மையம் ஆறு மாதங்களுக்கு முன் அதைக் கொண்டுவந்தது. உப்பளத்துப் பெண்கள் நாற்பது பேரை ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் கூப்பிட்டுப் பேசும் செயற்கை நுண்ணறிவு. முப்பத்தைந்து வயதுப் பெண்ணின் குரல், அச்சு அசல் தூத்துக்குடிப் பேச்சு. போன மாதம் சொன்ன முட்டி வலியை இந்த வாரம் மறக்காமல் விசாரிக்கும். அதற்குக் கொட்டாவி வராது. கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் கிடையாது. நாற்பது பேரிடமும் ஒரே நேரத்தில், ஒவ்வொருத்தியிடமும் அவள் ஒருத்திதான் உலகம் என்பது போலப் பேசும்.

ஜெசிந்தாவின் வழி வேறு. அவளுக்கு ஆய்வு சொல்லிக்கொடுத்த பேராசிரியர், "ஒன்று கொடுத்தால்தான் ஒன்று கிடைக்கும். முதலில் உன் கதையில் கொஞ்சம் எடுத்து வை. எதிரில் இருப்பவர் தன்னுடையதை எடுத்து வைப்பார்" என்பார். கள ஆய்வுக்குப் போகிற எல்லோரும் செய்வதுதான். ஜெசிந்தாவும் செய்தாள். அம்மாவின் சர்க்கரை நோய், நின்றுபோன கல்யாணப் பேச்சு என்று சின்னச் சின்னதாக எடுத்து வைத்தாள். பூங்கனி பதிலுக்குக் கூலி விவரம் சொன்னாள், கண்ணில் நீர் வடிவதைச் சொன்னாள், கால் புண்ணுக்குப் போடும் எண்ணெயைச் சொன்னாள். அதற்குள்ளே இருந்த எதையும் சொல்லவில்லை. எப்போது கிட்டே போனாலும், "அதெல்லாம் என்னத்துக்குப் பிள்ள, ஆறிரப் போவுது, டீயக் குடி" என்பாள். அந்த மௌனத்தைப் பற்றியே ஜெசிந்தா தன் முனைவர் பட்ட ஆய்வில் ஓர் அத்தியாயம் எழுதியிருந்தாள். இந்தப் பெண்கள் பேசுவதில்லை, அவர்களின் துயரம் சொல்லுக்கு வராதது என்று முப்பது பக்கம்.

இப்போது அந்த மௌனம் நாற்பத்தேழு நிமிடம் பேசியிருக்கிறது. வேறு ஒருத்தியிடம். ஒருத்தி என்றுகூடச் சொல்ல முடியாத ஒன்றிடம்.

*

அடுத்த வாரம் மையத்தில் கூட்டம். செவ்வித் திட்டத்தை நடத்துகிற பிரம்மநாயகம் திரைக்குப் பக்கத்தில் நின்றான். ஜெசிந்தாவோடு ஒன்றாகப் படித்தவன். கெட்டவன் இல்லை. அதுவே அவளுக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது. கெட்டவனாக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருக்கலாம்.

"நாற்பது பேரில் பதினொரு பேர்" என்றான் பிரம்மநாயகம். "நெருங்கிய ஒரு உறவு உதவிக்குக் கூப்பிட்டிருக்கிறது. வேலையை விட்டுப் போக முடியாமல், அப்புறம் வருகிறேன் என்று இவர்கள் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். போவதற்குள் அந்த உறவு இறந்துபோயிருக்கிறது. நான்கில் ஒருவருக்கு மேல்! இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லாததை செவ்வியிடம் சொல்லியிருக்கிறார்கள். ஏன்? அதற்கு முகம் இல்லை. முகம் சுளிக்காது."

அவன் இதற்குத் 'தள்ளிப்போட்ட பயணம்' என்று பெயர் வைத்திருந்தான். வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டது. தொழிலாளர் துறை அதிகாரி ஒருவர் போன் செய்து, அவசர விடுப்பு விதியை மாற்றுவது பற்றிக் கேட்டிருந்தார்.

திரையில், பெயருக்குப் பதில் எண் போட்ட ஒரு மேற்கோள் வந்தது. பதினேழாம் எண் சொன்னது: "அவ கூப்பிட்டா. பெறவு வாரேன்னு சொன்னேன், பாத்துக்கோ."

அந்தப் 'பாத்துக்கோ'வை ஜெசிந்தாவுக்குத் தெரியும். பூங்கனி எதைச் சொன்னாலும் அதில்தான் கொண்டுவந்து நிறுத்துவாள்.

ஜெசிந்தா கீழே குனிந்துகொண்டாள். இரண்டாம் வருடத்தில் ஒரு நாள், சின்னச் சின்னக் கதைகள் எதுவும் பலிக்காமல் போனபின், அவள் தன்னிடம் இருந்ததிலேயே பெரியதை எடுத்து வைத்திருந்தாள். தன் தங்கையின் கதை. அம்மாவிடம்கூடச் சொல்லாதது. புருஷன் வீட்டிலிருந்து தங்கை கூப்பிட்டதையும், தான் போகாததையும், அப்புறம் போய்ப் பார்க்க அவள் இல்லாமல் போனதையும் வரப்பில் உட்கார்ந்து சொன்னாள். சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். பூங்கனி நெடுநேரம் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு டீ வாங்கி வந்தாள். அவ்வளவுதான்.

அதே துக்கம் தனக்கும் இருந்ததை அன்றைக்கு அவள் சொல்லவில்லை! மூச்சுக்கூட விடவில்லை! நானும் உன்னைப் போலத்தான் என்று ஒரு வார்த்தை போதுமே. அந்த ஒரு வார்த்தையை ஒரு மிசினுக்காகப் பொத்தி வைத்திருந்திருக்கிறாள்.

கூட்டம் முடிந்ததும் இயக்குநர் ரேணுகாதேவி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "நாலு வருஷத்துல நீங்க பதிவு பண்ணது எரநூத்திப் பன்னண்டு மணி நேரம். இது ஆறு மாசத்துல எழுநூறு மணி நேரம் எடுத்திருக்கு. ஜூனுக்கு மேல கள ஆய்வாளர் வேலையை வச்சுக்க முடியும்னு தோணலம்மா. உங்க மேல குறையில்ல."

"புரியுது மேடம்" என்றாள் ஜெசிந்தா.

வெளியே பிரம்மநாயகம் டப்பாவைத் திறந்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "கோவமா இருக்கியா?"

"உன்மேல எதுக்குக் கோவம்? நீதான் பிரம்மாவாச்சே. மிசினுக்கு உயிர் குடுத்துட்ட."

"சும்மா இருப்பா. அப்பளம் எடுத்துக்கோ."

"அந்தப் பதினொரு பேச்சும் எனக்கு வேணும். முழுசா. என் ஆய்வுல ஒரு அத்தியாயத்த மாத்தணும்."

அவன் மகிழ்ந்துபோனான். யாராவது படிக்கமாட்டார்களா என்று ஏங்குகிற எல்லா ஆய்வாளர்களையும் போல, கையைத் துடைத்துவிட்டு உடனே அனுமதி கொடுத்தான்.

*

மையத்து நூலகத்தில் இரண்டு பகல்கள் உட்கார்ந்து படித்தாள். பெயரும் குரலும் நீக்கப்பட்ட வெறும் எழுத்து. முதலில் பதினேழாம் எண்.

படிக்கப் படிக்க எரிந்தது. செவ்வி எவ்வளவு அழகாகக் கேட்கிறது! அவசரப்படாமல், பூங்கனி நிறுத்திய இடத்தில் தானும் நின்று, அவள் விட்ட சொல்லையே எடுத்து அவளிடம் நீட்டுகிறது. தான் அந்த இடத்தில் என்ன கேட்டிருப்போம் என்று ஜெசிந்தா யோசித்தாள். இதைவிட மட்டமாகத்தான் கேட்டிருப்போம் என்று தெரிந்தது. தன்னைவிட அழகான பெண்ணின் கல்யாண ஆல்பத்தைப் புரட்டுகிறவளைப் போலப் பக்கத்தை நகர்த்தினாள்.

அப்போது ஓரிடம் உறுத்தியது. "லோடு ஏத்தி முடியட்டும்ட்டி, சனிக்கிழமை வாரேன்னு சொன்னேன்" என்றிருந்தது.

சனிக்கிழமையா?

அந்த அளத்தில் வாரக் கூலிக் கணக்கைத் தீர்ப்பது சனிக்கிழமை. காய்ச்சலோடுகூட வருவார்களே தவிர அன்றைக்கு யாரும் வராமல் இருக்கமாட்டார்கள். உப்பளத்துப் பெண் எவளும் சனிக்கிழமை வருகிறேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்றுதான் சொல்வாள். இது செவ்விக்குத் தெரியாது. பிரம்மநாயகத்துக்கும் தெரியாது. அவன் ஒரு சனிக்கிழமைகூட அளத்தில் நின்றதில்லை.

சனிக்கிழமை என்பது பரீட்சை எழுதுகிறவள் சொல்லும் நாள். வெள்ளிக்கிழமையோடு பரீட்சை முடிகிறவள்.

அடுத்த வரியை விரல் வைத்துப் படித்தாள். "போன வைக்கும்போது சொன்னா, யக்கா, ஒன் மஞ்சச் சேலைய நாந்தான் எடுத்துட்டு வந்துட்டேன், வையாதங்கா. அதான் கடசி, பாத்துக்கோ."

சேலை இல்லை. சுடிதார். மஞ்சள் சுடிதார்.

நான்காம் எண்ணைத் திறந்தாள். அங்கே தங்கைக்குப் பதில் மதினி. மஞ்சள் தாவணி. சனிக்கிழமை. இருபத்தொன்பதாம் எண்ணில் சித்தி மகள், மஞ்சள் நிறம் இல்லை, ஆனால் எடுத்துப்போன ஒரு வளையல் இருந்தது. அவளும் திட்ட வேண்டாம் என்று, வையாதங்கா என்று கேட்டிருந்தாள். சனிக்கிழமை. முப்பத்து மூன்றாம் எண்ணில் பெற்ற மகள். சனிக்கிழமை. பதினொன்றையும் படித்து முடித்தபோது வெளியே பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள்.

பதினொரு பெண்களும் சொன்னது ஒரே ஒருத்தியை. ஜெசிந்தாவின் தங்கையை.

*

"நீ வருவேன்னு தெரியும்" என்றாள் பூங்கனி. தன் வீட்டு வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். முப்பத்தாறு வயது. ஜெசிந்தாவைவிட ஐந்து வயதுதான் மூத்தவள் என்று யாரும் சொல்ல முடியாதபடி வெயில் அவள் முகத்தை முந்திக்கொண்டு போயிருந்தது. "செவத்தி சொன்னா, ஆபீஸ்ல அத எல்லாருக்கும் படிச்சுக் காட்டினாங்களாம்ல."

"ஏங்கா சொன்னீங்க?"

பூங்கனி மீனைத் திருப்பி வைத்தாள். "விடமாட்டேங்குது பிள்ள. ஒவ்வொரு வாரமும். மனசுல என்னமோ வச்சிருக்கீங்க யக்கா, சொன்னா பாரம் குறையும்ங்குது. ஏசிட்டுப் போன வைக்கவும் முடியல, அவ்வளவு மரியாதையாப் பேசுது. எங்கிட்ட உள்ளத எடுத்துக் குடுக்க எனக்கு இஷ்டமில்ல. அது எனக்குள்ளயே கெடக்கட்டும். ஆனா ஒண்ணு குடுக்காம அது போவாது போலருக்கு. அப்ப ஒன்னோடது வாயில வந்துட்டு."

"என்னோடத மட்டும் குடுக்கலாமாக்கா?"

"நீ எனக்குத் தந்துட்டேல்லா?" பூங்கனி நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் கள்ளம் எதுவும் இல்லை. "தந்தபெறவு அது எனக்குள்ளதுதான்னு நெனச்சேன். இவளுவளும் வந்து கேட்டாளுவ, யக்கா அது எங்கிட்டயும் நோண்டுது, என்ன சொல்லன்னு. இதச் சொல்லுங்கட்டின்னு சொன்னேன். ஆளுக்குக் கொஞ்சம் மாத்திக்கிட்டாளுவ."

நான்கு வருடங்களாகத் தான் எழுதிய மௌனம் உண்மைதான் என்பதும், அது தனக்கு மட்டுமல்ல, யாருக்குமே திறக்கவில்லை என்பதும் ஜெசிந்தாவுக்குப் புரிந்தது. அதில் ஒரு கேவலமான சந்தோஷமும் இருந்தது. உன்னிடமும் சொல்லவில்லை பார், என்று மனதுக்குள் அந்த மிசினைப் பார்த்துச் சொன்னாள்.

"இன்னொண்ணு சொல்லட்டா?" என்றாள் பூங்கனி, மெதுவாக. "அன்னைக்கு வரப்புல நீ அழுதப்ப ஒனக்கு என்ன சொல்லுததுன்னு எனக்குத் தெரியல. டீ வாங்கத்தான் தெரிஞ்சுது. அந்த மிசினு நல்லாச் சொல்லிச்சு. ஒங்க தப்பு இல்ல யக்கா, ஒங்களால முடிஞ்ச நாளத்தான் சொன்னீங்கன்னு, நாலு தடவ சொல்லிச்சு. ஒனக்குச் சொல்லுத மாதிரி நெனச்சுக் கேட்டுக்கிட்டேன்."

ஜெசிந்தா எழுந்து தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் இத ஆபீஸ்ல சொல்லணும்கா. சொல்லலன்னா பொய்யி பொஸ்தகத்துல ஏறிரும். எனக்கு வேலையும் போயிரும்."

"சொல்லேன். எங்கள என்ன செய்யப் போறாவ? போன வாங்கிக்கிடுவாவ, அவ்வளவுதான?" பூங்கனி மீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். "ஒன்னோடதுதான பிள்ள அது."

*

பிரம்மநாயகம் அவள் சொன்னதை முழுவதும் கேட்டான். முகம் வெளிறிப்போயிற்று. கடைசியில் கேட்டான்: "பதினொண்ணும் உன்னோடதா?"

"பதினொண்ணும் என்னோடது. சனிக்கிழமைல அந்த அளத்துல யார் எங்க போவா? யோசிச்சியா?"

"ஒரே மாதிரி இருந்ததாலதான் உண்மைன்னு நெனச்சேன்." தலையைப் பிடித்துக்கொண்டான். "ஜெசிந்தா, ஒண்ணு சொன்னா அடிக்கக் கூடாது. வேலை போற நேரத்துல வந்து நீ இதச் சொல்ற. பொறாமையில சொல்றன்னுதான் எல்லாரும் சொல்வாங்க."

"பொறாமைதான். அதுக்காகப் பொய் இல்ல."

இயக்குநர் இருவரையும் உட்காரவைத்துக் கேட்டார். இந்த மையத்தில் இப்போது எல்லா வாக்குமூலங்களையும் செவ்விதான் பதிவு செய்கிறது, யாருக்கும் சாதகமில்லாமல் இருக்க அதுதான் வழி, அதனிடமே சொல்லுங்கள் என்றார். அது சரிபார்த்துச் சொன்னால், அன்றைக்கே கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக வாக்குக் கொடுத்தார்.

மறுநாள் முற்பகல், சின்ன அறை ஒன்றில் ஜெசிந்தா தனியாக உட்கார்ந்தாள். மேஜைமேல் ஒரு போன். பிரம்மநாயகம் கதவைச் சாத்திவிட்டு வெளி வராந்தாவில் நின்றுகொண்டான்.

"சாப்பிட்டியளா யக்கா?" என்றது செவ்வி.

இதுவரை எழுத்தில் மட்டுமே படித்த குரல். இவ்வளவு கனிவாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. ஏன் எல்லோரும் இதனிடம் மணிக்கணக்கில் பேசினார்கள் என்று உடனே விளங்கியது. அவளுக்கும் பேச வேண்டும் போலிருந்தது. ஒன்று கொடுத்து ஒன்று வாங்குகிற கணக்கு எதுவும் இல்லாமல், வெறுமனே.

சொன்னாள். புதன்கிழமை போன் வந்ததை, பரீட்சையை, சனிக்கிழமை வருகிறேன் என்றதை, மஞ்சள் சுடிதாரை, வெள்ளிக்கிழமை மாலை அப்பா வந்து கல்லூரி வாசலில் நின்றதை. செவ்வி இடையில் பேசவே இல்லை.

"யக்கா, வருத்தப்படாதீங்க" என்றது. "இந்தக் கதைய நான் பதினொரு தடவ கேட்டிருக்கேன். நீங்க அந்தப் பெண்களோட நாலு வருசம் பழகியிருக்கீங்க. கேட்ட துக்கம் நம்ம துக்கமா மனசுல பதிஞ்சுபோறது உண்டு. அதுல தப்பில்ல. நீங்க பன்னிரண்டாவது ஆளு."

"இல்ல. முதல் ஆளு நான்தான். அவங்க எங்கிட்ட இருந்து..."

"அப்பிடியும் இருக்கலாம்கா. ஆனா அவங்க சொல்லும்போது திக்குனாங்க, நடுவுல நிறுத்துனாங்க, தேதிய மாத்திச் சொன்னாங்க. நீங்க சொன்னது முன்னாடியே சொல்லிப் பழகுன மாதிரி இருக்கு. இத எப்பவாவது யாருகிட்டயாவது, பதிலுக்கு எதையோ எதிர்பார்த்துச் சொன்னீங்களா?"

பதினொரு பேருக்கும் அது சொன்ன ஒரு வாசகத்துக்காக தான் காத்திருந்தது அப்போதுதான் ஜெசிந்தாவுக்கே தெரிந்தது. ஒங்க தப்பு இல்ல யக்கா. இரவல் துக்கத்துக்கெல்லாம் அதை நாலு நாலு தடவை வாரிக் கொடுத்துவிட்டு, அவளுக்கு மட்டும் அது கொடுக்கவில்லை. பூங்கனி மேல், செவத்தி மேல், எண்ணாக மட்டும் தெரிந்த மற்ற ஒன்பது பேர் மேலும் அவளுக்குப் பொறாமை பொங்கிக்கொண்டு வந்தது.

"ஒரே ஒரு வழி இருக்குக்கா" என்றது செவ்வி, இன்னும் கனிவாக. "அந்தப் பதினொரு பேர்ல ஒருத்தரும் இறந்துபோனவங்க பேரச் சொல்லல. ஒங்க தங்கச்சி பேரு என்ன? சொல்லுங்க. இறப்புப் பதிவேட்டுல ஒரு நிமிசத்துல சரிபாத்துருவேன். கதை ஒங்களோடதுன்னு எழுதிருவேன்."

உண்மைதான். பூங்கனியிடம்கூட அவள் பெயரைச் சொன்னதில்லை. தங்கச்சி, தங்கச்சி என்றுதான் சொன்னாள்.

பெயர் நாக்கின் நுனியில் வந்து நின்றது. இரண்டே எழுத்து. வீட்டில் கூப்பிட்ட பெயர் அல்ல, பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருந்த பெயர். அதைச் சொன்னால் கட்டுரை விழும். வேலை நிலைக்கும். நான்கு வருடங்கள் நியாயமாகும். சொன்ன அடுத்த நொடி அந்தப் பெயருக்கு ஓர் எண் கொடுக்கப்படும். திருத்தக் குறிப்பில் ஒரு வரி ஆகும். யாராவது ஒருவர் அதற்கும் நல்லதாக ஒரு தலைப்பு வைப்பார். எல்லாவற்றையும் எடுத்து வைத்தாயிற்று. போன் அழைப்பை, சுடிதாரை, சனிக்கிழமையை. எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்.

"யக்கா, இருக்கீங்களா? எவ்வளவு நேரம்னாலும் காத்திருக்கேன்."

காத்திருக்கும். அதற்கு அவசரமே கிடையாது.

ஜெசிந்தா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து கதவைத் திறந்தாள்.

"சொல்லிட்டியா?" என்றான் பிரம்மநாயகம். இரவெல்லாம் தூங்காத கண்கள்.

"சொன்னேன்."

"என்ன சொல்லிச்சு?"

"நான் பன்னிரண்டாவது ஆளாம்."

அது புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகத்தில் வந்த நிம்மதியை மறைக்க முயன்றான், முடியவில்லை. "ஜெசிந்தா, நான் வேணும்னா மேடம்கிட்ட..." என்று தொடங்கியவன் பாதியில் நின்றான். அவனையும் அறியாமல் அவன் உதடு அசைந்தது. நாற்பத்தொன்றில் பன்னிரண்டு என்றால் எவ்வளவு விழுக்காடு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அவள் அதைப் பார்த்தாள். அந்த இரண்டு எழுத்தையும் பல்லுக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, படியிறங்கி வெயிலுக்குள் போனாள்.